ஒன்பதாம் வகுப்பில் சீருடை கட்டாயம்: கூட்டத்தில் என்ன கேட்கட்டும்?

தறிவீட்டுக்காரி, குமாரபாளையம்

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை என் மகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். அந்தக் குழுவில் நானும் ஒருத்தி. இதுவரை கழிப்பறைத் தண்ணீர், காம்பவுண்டுச் சுவர் என்றுதான் பேசியிருக்கிறோம். இந்தத் தடவை சீருடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் என்ன கேட்பது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மூன்றாம் வாரம். மகள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்று தறிக்குப் போகும் வழியில் பள்ளிக்குள் போனேன். பிரேயர் முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் ஐந்து பிள்ளைகளை மட்டும் சீருடைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் மகளோடு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். வகுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிற பிள்ளை.

அவள் போட்டிருந்தது எட்டாம் வகுப்புச் சீருடை. நான் துணியோடு புழங்குகிறவள், கண் தானாக அங்கேதான் போகும். டாப்ஸின் அடிமடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுக்காத பட்டை, கடையில் பார்க்கிற புதுத்துணி நிறத்தில். அதற்கு மேலே வெயிலும் சோப்பும் பட்டு வெளுத்த துணி. கைமடிப்பும் அதே மாதிரி பிரித்து இறக்கியது. ஓரம் முழுக்கக் கையூசியால் அடித்திருந்தது, அரிசி வரிசை மாதிரி ஒரே அளவில். அவள் அம்மா ராத்திரி உட்கார்ந்து போட்ட தையல். அந்தப் பிள்ளை புத்தகப் பையை முன்னால் இறக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டையை மறைத்து நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். எட்டாவது வரை அரசு வருஷத்துக்கு நாலு செட் இலவசமாகக் கொடுக்கிறது. ஒன்பதாவதில் கால் வைத்ததும் அது நின்றுவிடுகிறது. நிறமும் மாறிவிடுகிறது, அதனால் பழையதை ஓட்டவும் வழியில்லை. அப்புறம் பதினொன்றாவதில் மறுபடி வேறு நிறம். என் மகளுக்கு இரண்டு செட் எடுத்தேன். துணி, தையல்கூலி, பெண்பிள்ளைகள் மேலே போடும் கோட்டு எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய் ஆனது. ஜூன் மாதத்தில் நோட்டு, பை, செருப்பு, பஸ் என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும்போது அது சின்னத் தொகை கிடையாது. அந்தப் பிள்ளை வீட்டில் அம்மா ஒருத்தியின் கூலிதான்.

குழுவில் இன்னொருவர், "ஒன்பதாவதுக்கு மேலே சீருடையே வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிடலாம், இருக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு வரட்டும்" என்கிறார். முதலில் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வீட்டில் சொன்னபோது என் மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அம்மா, கலர் டிரஸ்ன்னா தினமும் பொறந்தநாள் மாதிரி ஆயிரும். எங்கிட்ட இருக்கறதே மூணு. புதன்கிழமைக்கு அப்புறம் என்ன பண்றது?" என்று கேட்டாள். அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

சீருடை கட்டாயமாக இருக்கட்டுமா, வேண்டாமா? கட்டாயம் என்றால், வாங்க முடியாத பிள்ளையை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல், சேலம் பக்கம்

கண்ணு, நான் மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் பத்தொன்பது வருஷமாக உறுப்பினர். நீ சொல்லும் அந்த இலவசச் சீருடையைத் தைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சத்துணவுப் பட்டியலில் பேர் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் எங்களுக்குக் கணக்கு வரும். விசைத்தறி சங்கங்களில் நெய்த துணி சமூகநலத் துறை வழியாக எங்கள் சங்கத்துக்கு வந்து, வெட்டி, கட்டுக் கட்டாக எங்கள் கைக்கு வரும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தைப்போம். பீஸ் கணக்கில் கூலி. சீசனில் என் வீட்டுத் திண்ணை முழுக்க சட்டைதான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் படிப்புக்கு பீஸ் கட்டியது அந்தக் கூலியில்தான். ஆக, சீருடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் வகுப்பை வைத்துத்தான் அளவு. ஏழாம் வகுப்பு என்றால் இந்த அளவு, அவ்வளவுதான். ஏழாவதில் ஒரு பையன் அப்பா உயரம் இருப்பான், ஒருத்தன் நாலாவது படிக்கிறவன் மாதிரி இருப்பான். ஒரு தடவை எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு பையன் என் பக்கத்தில் நின்றான். தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலர் பட்டியில் மூலையில் நான் இரண்டு தடவை திருப்பி அடிப்பேன், பிரியாமல் இருக்கட்டும் என்று. பார்த்தால் அந்தத் தையல் அங்கே இருக்கிறது. என் கைச் சட்டை. தைத்த மாதிரி சரியாகத்தான் தைத்திருக்கிறேன், ஆனால் அந்தப் பிள்ளைக்காகத் தைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. இப்போது நாங்களே பள்ளிக்கூடத்துக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராக அளவெடுக்கிறோம். கையைத் தூக்கு சாமி என்றால் கூச்சத்தில் நெளிவார்கள். இரண்டு அங்குலம் கூட விட்டுத்தான் தைக்கிறேன். வளருகிற பிள்ளைகள்.

நீ கூட்டத்தில் கேட்க வேண்டியது இது. எட்டாவதோடு நிறுத்தாமல் பன்னிரண்டாவது வரை கொடுக்கச் சொல்லி மனு போடுங்கள். நெசவு இருக்கிறது, தைக்க நாங்கள் இருக்கிறோம். ஆனால் மனு மேலே போய்ப் பதில் வருவதற்குள் உன் ஊர்ப் பிள்ளை பத்தாவது முடித்துவிடும். அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். பத்தாவது முடித்து இந்த வருஷம் பதினொன்றாவதில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நிறம் மாறியிருக்கும் இல்லையா? அவர்கள் வீட்டில் ஒன்பது, பத்தாவதுச் சீருடை பீரோவில் சும்மா கிடக்கும். வாங்கி, பிடித்துத் தைத்துக் கொடுங்கள். இடுப்புப் பக்கம் பிடிப்பது அரை மணி நேர வேலை.

ஓய்வு வாத்தியார், திருநெல்வேலி

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான். உங்கள் மகள் சொன்னதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். "என்னிடம் மூன்றுதான் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற பிள்ளைகள் குறைவு. சொல்ல முடியாதவர்கள் நாலாவது நாள் லீவு போடுவார்கள். எங்கள் பக்கத்தில் சுதந்திர தினத்தன்றும் குழந்தைகள் தினத்தன்றும் கலர் டிரஸ் அனுமதி உண்டு. அந்த நாட்களின் வருகைப் பதிவேட்டை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். வராதவர்கள் எப்போதும் அதே வீடுகளின் பிள்ளைகள்.

ஆனால் சீருடை போட்டுவிட்டால் எல்லோரும் ஒன்று என்று நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் பையன்கள் கையில் கட்டும் கயிறைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் நிறமாக இருக்கும். எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். சட்டை ஒன்றுதான், பேன்ட் ஒன்றுதான், மணிக்கட்டில் சாதி. நெற்றிப் பொட்டிலும் சொல்வார்கள், சட்டைக்குள்ளே போடும் பனியன் நிறத்திலும் சொல்வார்கள்.

பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் கணக்குப் போடக் கையைத் தூக்கும்போது சட்டைக்கை கீழே இறங்கிக் கயிறு தெரியும். தெரியட்டும் என்றே உயரத்தில் எழுதுவான். தனியாகக் கூப்பிட்டு, "இது எதுக்குடே?" என்று கேட்டேன். "சாமி கயிறு சார்" என்றான். "சாமிக்குன்னா சட்டைக்குள்ள இருந்தாலும் சாமிக்குத் தெரியுமே" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மத்தவனுக்குத் தெரியணும்ல சார்" என்றான். நல்ல பையன், கணக்கில் கெட்டிக்காரன். அந்தப் பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கயிறை அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தான். மறுவாரம் வீட்டிலேயே கட்டிவிட்டார்கள்.

2019இல் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பள்ளியில் ஒரே சட்டை போட்டவர்கள்தான்.

ஆகையால் சீருடையை எடுக்கச் சொல்லாதீர்கள். இருக்கும் ஒரே திரையையும் கிழித்த மாதிரி ஆகும். ஆனால் அந்தத் திரையை வைத்தே ஒரு பிள்ளையைக் கொடிக்கம்பத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், அது எந்த நோக்கத்துக்காக வந்ததோ அதற்கே விரோதம். என் அப்பாவும் வாத்தியார்தான். காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர்க்காரர்கள் பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று தங்களால் ஆனதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அப்போது சீருடை ஊர் கொடுத்தது, பிள்ளையிடம் கேட்டது கிடையாது. சேலத்து அம்மா சொன்ன யோசனையும் அந்த வழிதான். தயங்காமல் செய்யுங்கள்.

ஆம்பூர்ப் பெண்

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சீருடையைப் போட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். இதுவரை பேசியவர்களெல்லாம் தைத்தவர்கள், வாங்கியவர்கள், கண்காணித்தவர்கள்.

என் பள்ளியில் புதன்கிழமை வெள்ளைச் சீருடை. மேலிருந்து கீழ் வரை வெள்ளை. பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் உண்டு என்பது அந்த விதியைப் போட்டவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட் நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டார். பதில் தெரியும், எழுந்து நிற்க முடியாது என்பதால் தெரியாது என்று சொன்னேன். உட்கார்ந்தபடியே சொன்னதற்கும் திட்டு விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் தன் ஸ்வெட்டரை என் இடுப்பில் கட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். வேலூர் வெயிலில் அவள் எதற்கு ஸ்வெட்டர் கொண்டுவருகிறாள் என்று அதுவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவளும் இதற்காகத்தான் கொண்டுவந்தாள். அக்கா, உங்கள் கூட்டத்தில் பெண்பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. நான் தலைத்துணி போடுகிறவள். எங்கள் பள்ளியில் சீருடைத் துப்பட்டா நிறத்திலேயே போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே படித்தேன். 2022இல் கர்நாடகத்தில் அதே துணிக்காக என் வயதுப் பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றதை டிவியில் பார்த்தபோது அம்மா என்னைத்தான் பார்த்தார். அந்த மார்ச்சில் அங்குள்ள உயர் நீதிமன்றம் வகுப்பில் தலைத்துணிக்கு இருந்த தடையைச் சரி என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் எப்படியும் இருக்கட்டும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளையும் அன்றைய பாடத்தை இழக்கிறார்கள். சீருடை இருக்கட்டும், எனக்குப் பிடிக்கவே செய்தது. ஆனால் அதற்காக ஒரு பீரியட் கூட யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

இரண்டு சக்கரம், தாம்பரம்

தனியார் பள்ளிக் கதையையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் பையன் ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவன். பீஸ் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். சீருடை இரண்டு வகை, ஹவுஸ் டீ-ஷர்ட், இரண்டு ஜோடி ஷூ, எல்லாம் பள்ளி கவுன்ட்டரிலேயே வாங்க வேண்டும் என்றார்கள். வெளிக்கடையில் அதே துணி பாதி விலை. சிபிஎஸ்இ 2017இலேயே இப்படிப் பள்ளிக்குள் வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் பள்ளி சிபிஎஸ்இ இல்லை, மெட்ரிக். கேட்டால் "எங்களுக்குப் பொருந்தாது" என்றார்கள். சீருடை சமத்துவம் என்றால் அதில் லாபம் வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வடமராட்சி

எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்லுறன், உங்களுக்குக் கூட்டத்தில் உதவும். இலங்கையில் 1993இல் இருந்து அரசு சீருடைத் துணி இலவசமாகக் குடுக்குது, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாடு முழுக்க வெள்ளைச் சட்டை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அவர்களின்ர உடுப்புக்கு ஏற்ற மாதிரித் துணி. இடையில் சில வருஷம் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்தார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023இல் சீனா அன்பளிப்பாகக் குடுத்த துணிதான் பெரும்பங்கு.

துணி மட்டும்தான், தையல்கூலி எங்கட பொறுப்பு. சப்பாத்து (ஷூ) வேற. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் நான் படிச்ச பாடசாலை ஒரு மாமரத்துக்குக் கீழ நடந்தது. மேசை, கதிரை ஒண்டும் இல்லை. ஆனால் அம்மா என்ர வெள்ளைச் சட்டையைக் கிணத்தடியில் நீலம் போட்டுத் தோய்ச்சு, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியை யாரிடமோ வாங்கி அழுத்தித் தருவா. அதைப் போட்டால்தான் நான் பாடசாலைக்குப் போற பிள்ளை எண்ட எண்ணம் வரும். அதனால சீருடையை எனக்குக் குறைச்சுச் சொல்ல ஏலாது. அந்த நாளில் சட்டை இல்லாமல் வந்த பிள்ளைகளை எங்கட பாடசாலை அதிபர் ஒரு நாளும் திருப்பி அனுப்பேல்லை. மரத்துக்குக் கீழ எங்களோடதான் இருந்தவை.

தறிவீட்டுக்காரி, குமாரபாளையம்

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்து பத்து நாள் ஆகிறது. தறி வேலையில் உடனே எழுத முடியவில்லை.

மூன்று விஷயம் கேட்டேன். சீருடைக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று தீர்மானப் பதிவேட்டில் எழுத வேண்டும். பன்னிரண்டாவது வரை இலவசச் சீருடை கேட்டு மனு அனுப்ப வேண்டும். பதினொன்றாவதில் சேர்ந்தவர்களிடம் பழைய சீருடையை வாங்க வேண்டும். முதல் விஷயத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. "நிறுத்தவில்லை என்றால் நாளைக்கு ஒருத்தரும் போட்டுவர மாட்டார்கள்" என்றார் ஒரு ஆசிரியர். தாம்பரத்து அண்ணன், ஆம்பூர்த் தங்கச்சி எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, "போட்டுவராத பிள்ளை வீட்டுக்கு நான் போகிறேன், காரணத்தைக் கேட்டு வந்து உங்களிடம் சொல்கிறேன், அதுவரைக்கும் அது பெஞ்சில் உட்காரட்டும்" என்றேன். தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் அடுத்த கூட்டத்துக்கு வருகிறார்கள்.

துணி சேர்ந்தது, நான் நினைத்ததைவிட அதிகம். பதினேழு செட். யாருக்குத் தேவை என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். தைப்பதற்கு, அந்த அரிசி வரிசைத் தையல் போட்ட அம்மாவையே போய்க் கேட்டேன். மெஷின் எங்கள் வீட்டில் இருக்கிறது. பேன்ட் ஒன்றுக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று குழுவில் காசு போட்டுக் கூலி பேசினோம். சும்மா தைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் சாயங்காலம் வந்து தைத்தார். தன் மகளுக்கு ஆகிற அளவு இரண்டாவதாகவே கையில் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் முடித்தார். கடைசி நாள்தான் அதை எடுத்துப் பிடித்துத் தைத்தார், அதையும் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டு.

ஊசிநூல் அக்கா, ஒரு சந்தேகம். நாலு சட்டையில் காலர் மேலேயே பழைய பையன்களின் இனிஷியல் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. சோப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம், போகவில்லை. இன்னொருத்தன் எழுத்தோடு எப்படிக் கொடுப்பது?

ஊசிநூல், சேலம் பக்கம்

சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி எடுத்துப் பார் கண்ணு, தேய்க்காதே, பரவிவிடும். அதற்கும் போகாவிட்டால் காலரை மட்டும் பட்டியிலிருந்து பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்து அடித்துவிடு. எழுத்து அடியில் போய்விடும், வெளியே புதுக் காலர் மாதிரி இருக்கும். மூலையில் இரண்டு தடவை திருப்பி அடிக்கச் சொல்லு.